மூடுக, ஆனால்...

மதம் மாற்றிவிடுவார்களாமே! மிஷன் பள்ளிகளைக் கண்காணிக்கத்தான் வேண்டும். தஞ்சாவூர் அசட்டையாக இருந்துவிட்டது. 1787இல் துளஜா மன்னர் தத்துப்பிள்ளை சரபோஜியையே பாதிரியார் சுவார்ட்ஸிடம் ஒப்படைத்தாரே! விளைவு? பிள்ளை மதம் மாறவில்லை. சரஸ்வதி மகால் நூலகத்தில் சுவடிகளைக் குவித்தார். பெரிய கோயில் சுவரில் போன்ஸ்லே வம்ச வரலாற்றைப் பொறித்தார். 1798இல் மறைந்த குருவுக்கு, லண்டன் சிற்பி பிளாக்ஸ்மேனைக் கொண்டு பளிங்குச் சிற்பமும் செய்வித்தார். எவ்வளவு நுட்பமான சதி!

ஆகவே தலைமையாசிரியர்கள் இனிப் பாடம் நடத்திப் பொழுதை வீணாக்க வேண்டாம். மதமாற்றப் புகார்களுக்கு விளக்கக் கடிதம் எழுதினால் போதும். பிரமுகர்களுக்கு மாதிரி மனுவும் தயார். முதல் பக்கம்: ‘பள்ளியை உடனே மூடுக.’ இரண்டாம் பக்கம்: ‘மூடுமுன் பேத்திக்கு எல்கேஜியில் ஓர் இடம் தருக.’