கன்ட்ரோலர் அண்ணன்

சேலத்து அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகும் 20 கொண்டை ஊசி வளைவுகளில் எங்காவது ஒரு பேட்டரி ஸ்கூட்டர் முனகிக்கொண்டு ஓரங்கட்டினால், சற்று நேரத்தில் அண்ணன் வந்துவிடுவார். தகவல் யார் கொடுப்பது என்று தெரியாது. குரங்குகளாக இருக்கலாம். வந்ததும் சீட்டுக்கு அடியில் கையை விட்டு, சுட்டதும் உதறிக்கொண்டு சந்தோஷப்படுவார்.

“மோட்டார் நல்லாருக்கு தம்பி. கன்ட்ரோலர்தான் கொதிக்குது. எத்தனை ஆம்ப்ஸ்?”

“டப்பாவுல அறுபதுன்னு போட்டிருந்துச்சுண்ணே.”

“பீக்கா, கன்டினியூஸா?”

இதற்குப் பதில் சொன்னவர் கிடையாது. அண்ணனும் எதிர்பார்ப்பதில்லை. வண்டியும் இரண்டு பேருமாக 240 கிலோவை ஆயிரம் மீட்டர் தூக்கும் வேலைக்கு மட்டும், இழப்புகளைச் சேர்க்காமல் பார்த்தால், முக்கால் யூனிட் கரண்ட்கூட ஆகாது. ஆனால் மெதுவாக ஏறும்போது ஆம்ப்ஸ் இரண்டு மடங்கானால், மோட்டாருக்குக் கரண்ட்டை அளந்துவிடுகிற கன்ட்ரோலருக்குள் சூடு ஏறக்குறைய நான்கு மடங்காகும், ஆற்றுவதற்கு எதிர்க்காற்றும் இருக்காது என்பார். ஆகவே சில விநாடி தாங்குகிற பீக் கணக்கைப் பார்த்து வாங்காதே, மணிக்கணக்கில் தாங்குகிறதைப் பார்த்து வாங்கு. சொல்வதெல்லாம் சரிதான். அதுதான் அவரிடம் உள்ள சிக்கல்.

ஏனென்றால் இந்த அளவுகோலை அவர் வண்டியோடு நிறுத்துவதில்லை. தங்கைக்கு வந்த வரனைப் பார்த்துவிட்டு, “பீக்ல நல்லாத்தான் இருக்கார்” என்று இழுத்தார். வீட்டில் மூன்று பேருக்குப் பத்து லிட்டர் குக்கர். அண்ணியும் சளைத்தவரில்லை: “உங்கண்ணனுக்குப் பேச்சு மட்டும் கன்டினியூஸ்.”

இப்போது அவருக்கு ஸ்கூட்டர் அலுத்துவிட்டது. ஏற்காடு ஏரியில் மின்சார ஹைட்ரோஃபாயில் விடப் போகிறாராம். பலகைக்குக் கீழே ஒரு கம்பம், கம்பத்தின் நுனியில் மோட்டாரும் இறக்கையும்; வேகமெடுத்ததும் பலகை தண்ணீரைவிட்டு மேலே எழும்பும். எழும்புகிற நேரத்தில்தான் ஆம்ப்ஸ் எகிறும், அப்புறம் வெகுவாக இறங்கிவிடும். “அப்ப பீக்கும் பார்க்கணுமேண்ணே?” என்று கேட்டேன். அண்ணன் முகம் வாடியதை அன்றுதான் பார்த்தேன்.

உடனே தேறிக்கொண்டு கூலிங்குக்குத் தாவினார். கன்ட்ரோலரைப் பலகைக்குள் வைத்து அடித்தட்டுத் தண்ணீரில் குளிரட்டும் என்று விட்டால், பலகை எழும்பியதும் தண்ணீர் கைவிட்டுவிடும். எனவே எப்போதும் நனைந்திருக்கிற கம்பத்தின் அடிப்பகுதியில், அலுமினிய உடம்போடு ஒட்டி, நடுவில் சூடு கடத்தும் பேஸ்ட் தடவி, தண்ணீர் புகாமல் அடைக்க வேண்டும். உப்புத் தண்ணீர் அலுமினியத்தை அரிக்கும். நம்ம ஏரிக்கு அந்தத் தொல்லை இல்லை. மெரினாக்காரனுக்கு ஏது இந்தக் கொடுப்பினை என்று அங்கலாய்த்தார்.

கன்ட்ரோலர் இன்னும் வாங்கவில்லை. முதலில் ஏரியின் குளிர்ச்சியைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்று, சமையலறைத் தெர்மாமீட்டரோடு படகுத்துறை டிக்கெட் ஜன்னலுக்குப் போய், தண்ணீர் எத்தனை டிகிரி இருக்கும் என்று விசாரித்தார். உள்ளே இருந்தவர் தெர்மாமீட்டரைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார்.

“இங்க குளிக்க விடமாட்டோங்க.”