கருவாடான குழாய்

2020 மார்ச்சில் இலங்கை அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியபோதே எங்கள் வானுக்கு வயது 25. 2025இல் தடை நீங்கியது. புதியவற்றின் விலையைக் கேட்டபிறகு பழையதே அழகாய்த் தெரிந்தது.

அது ஓட்டோ கியர். சூடான கியர் ஒயிலை ரேடியேற்றரின் அடித்தொட்டிக்குக் கொண்டுபோக ஓர் இரும்புக் குழாய், ஆறியதைத் திருப்பிக் கொண்டுவர இன்னொன்று. மயிலிட்டிக் கடற்காற்று இரும்பையும் கருவாடு போட்டுவிடும். ஒருநாள் காலை வானுக்கடியில், முற்றத்து மணலில் சிவப்பாய் ஒரு வட்டம். அம்மா ஓடிப்போய்க் கோழிகளை எண்ணினா.

ஒயில் ஒழுகிய குழாயை நானே மாற்றுவதென்று அடியில் படுத்தேன். நட்டு அசையவில்லை, குழாய்தான் முறுகியது. வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டு ஐயா எட்டிப் பார்த்தார்.

"தம்பி, பெற்றோல் ரியூப்பிலை ஒரு துண்டை வெட்டிக் கொழுவி, கிளிப்பை இறுக்கிவிடும்."

"இந்தச் சூட்டுக்கு அது தாங்காது ஐயா. இதுக்கெண்டு ஒயில் ஹோஸ் இருக்கு. சொல்லி வைச்சிருக்கிறன்."

சிரித்தார். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்குள், ஒரு சொட்டுப் பெற்றோலில் உசுப்பி, மிச்சத்துக்கு மண்ணெண்ணெய் ஊற்றி ஒஸ்ரின் கார் ஓட்டிய தலைமுறை. 1990 ஜூனில் போரால் இடம்பெயர்ந்து, ஊர் திரும்ப 27 வருடம் காத்திருந்த மனிதருக்கு ஹோஸ் வரும்வரை காத்திருக்கப் பொறுமையில்லை.

ஒருவழியாய் ஹோஸ் வந்தது. மாட்டி, ஒயிலும் விட்டேன். சாவியைத் திருகமுதல் ஐயா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வானுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"ஓட்டோ கியர் தள்ளி ஸ்ராட் வராது ஐயா."

"தள்ளவும் ஏலாதோ? பிறகென்னத்துக்குத் தம்பி இது?"