கழற்றி மாட்டும் கலை

2012இல் டொயோட்டா ‘86’ என்ற ஸ்போர்ட்ஸ் காரை இறக்கியது. சுமார் 200 குதிரைசக்தி, பின்சக்கர இயக்கம். பொறியாளர்கள் வேண்டுமென்றே 215 மி.மீ. அகல மிச்செலின் பிரைமஸி டயரை மாட்டினார்கள். டொயோட்டாவின் ஹைபிரிட் காரான பிரியஸிலும் வரும் அதே சாது ரகம். பிடி கொஞ்சம் குறைந்தால்தான் வளைவில் வால் லேசாக வழுக்கும், ஓட்டுபவருக்குக் குஷி என்பது அவர்கள் கணக்கு.

வாங்கியவர்களில் பலர் செய்த முதல் காரியம், அந்த டயரைக் கழற்றிவிட்டு அகலமான 18 அங்குலச் சக்கரம் மாட்டியதுதான். வால் வழுக்கவில்லை. உடனே, “இன்ஜினில் இழுவை போதாது” என்று டர்போ தேடக் கிளம்பிவிட்டார்கள்.

அடுத்து சஸ்பென்ஷனை இறக்கி வண்டியைத் தாழ்த்துவது. ஜப்பானியச் சட்டம் தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் 9 சென்டிமீட்டர் கேட்கிறது. ரசிகர்களுக்கு அதுவே தாராளம். யோகோஹாமாவின் டைகோகு பார்க்கிங்கில், சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்து, டயரின் உள்விளிம்பு மட்டும் தரையைத் தொடும் வண்டிகளைப் பார்க்கலாம். வெளிப்பக்க ரப்பர் புத்தம் புதுசு, உள்பக்கம் மொட்டை. அகல டயர் எதற்கு என்று மட்டும் கேட்கக்கூடாது.

பின்னால் பெரிய இறக்கை. அதன் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும், 200 கி.மீ. வேகத்தில் கிடைப்பதில் பதினாறில் ஒரு பங்குதான் 50இல். நகர நெரிசலில் துண்டு காயப்போட உதவும்.

டொயோட்டாவுக்கும் இந்த மனசு தெரியும். ஜப்பானில் 86இன் ‘ஆர்சி’ என்ற ரகத்தை ஏசி இல்லாமல், பெயின்ட் அடிக்காத பம்பரும் இரும்புச் சக்கரமுமாக விற்றது. எப்படியும் கழற்றத்தானே போகிறார்கள்!