முதல் கையெழுத்து

திருத்தணி மலைக்கு 365 படிகள். வருஷத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படி என்பது ஊர்க்கணக்கு. டிசம்பர் 31 இரவு படித் திருவிழாவில் ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றி, திருப்புகழ் பாடிக்கொண்டே ஏறுவார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் அறிவொளி எழுத்தறிவு வகுப்பில் படித்த ஓர் அக்கா, அத்தனை படிக்கும் பொட்டு வைத்துவிட்டு, மறுநாள் சாயங்காலம் வீங்கின காலோடு வகுப்புக்கு வந்தார்.

"அந்தாளு குடியை உடணும்னு வேண்டிக்கினேன் டீச்சர். 365 படிக்கும் பொட்டு வெச்சாச்சு. இனிமே எங்க வெக்கறது?"

அப்போது எனக்கு வயது இருபத்திரண்டு. பதில் சொல்லத் தெரியவில்லை. சிலேட்டை எடுத்துக் கொடுத்தேன்.

வகுப்பு நடந்தது பள்ளிப்பட்டுப் பக்கம் ஒரு நெசவாளர் தெருவின் திண்ணையில். லுங்கி நெய்கிற தெரு. ஏழு மணிக்குத் தறிச்சத்தம் ஓய்ந்த பிறகு லாந்தர் விளக்கை நடுவில் வைத்துக்கொண்டு உட்காருவோம். இருபது பேருக்கு மேல் வருவார்கள். பாதிப்பேர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். எங்கள் எல்லையில் அது ஒரு விஷயமே இல்லை. 1960 ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்ததும், அதற்காக ம.பொ.சி. போராடியதும் எங்கள் பாடப்புத்தகத்தில் இருந்தன. ஆனால் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்கள் பெண்ணைக் கொடுத்த ஊர்கள் எல்லைக்கு அந்தப் பக்கத்து நகரியும் புத்தூரும்.

அந்தப் பெண்களின் வேலையைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். தறியில் உட்காருகிறவர் கணவர். அவர் நாடா ஓட்ட வேண்டுமென்றால், அதற்கு முன் யாராவது ராட்டையில் உட்கார்ந்து தார் சுற்றித் தர வேண்டும். பாவு தோய, அறுந்த இழையைப் பிணைக்க இன்னொரு ஜோடிக் கை வேண்டும். விடியற்காலை சமையலுக்கு முன்னால் இரண்டு மணி நேரம், மதியம், ராத்திரி என்று நாள் முழுக்க அந்தக் கை மனைவியுடையது, இல்லாவிட்டால் மகளுடையது. சனிக்கிழமை கூலி வரும்போது மட்டும் அது நெய்தவர் கையில் ஒரே கூலியாக வரும். தார் சுற்றியதற்கென்று தனிக்கூலி கிடையாது. இரண்டு பேர் உழைப்பும் ஒருவர் சட்டைப்பையில் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து அது எங்கே போனது என்பதுதான் தெருவுக்கே தெரிந்த கதை.

1991இலேயே தமிழ்நாட்டில் மலிவு விலை மதுக்கடைகளை மூடிவிட்டார்கள். ஆனால் எல்லைக்கு அந்தப் பக்கம் ஆந்திரத்தில் பாக்கெட் சாராயம் அரசு அனுமதியோடு விற்றது. என்.டி.ராமராவ் ஆட்சியில் எண்பதுகளில் 'வாருணி வாஹினி' என்ற பெயரில் தொடங்கிய திட்டம் அது. அந்தச் சின்னச் சின்ன பிளாஸ்டிக் பாக்கெட்டுகள் சைக்கிள் கேரியரில் கோணிக்கு அடியில் இருந்துகொண்டு எங்கள் தெருவுக்கு வரும். மூலையைப் பல்லால் கடித்து உறிஞ்சிவிட்டு எறிவார்கள். மறுநாள் காலை வாசல் பெருக்குகிற பெண் கூட்டி அள்ளுகிற குப்பையில் பாதி அதுவாக இருக்கும்.

1992இல் நெல்லூர் மாவட்டத்துச் சேதி வந்தது. தூபகுண்டா என்கிற சின்ன ஊரில், எங்களைப் போலவே ராத்திரி எழுத்தறிவு வகுப்பில் உட்கார்ந்த பெண்கள் சாராயக் கடையை மூட வைத்துவிட்டார்கள் என்று. அந்த வகுப்புப் பாடப்புத்தகத்தில் சீதம்மா என்றொரு பெண்ணின் கதை இருந்தது. படித்தவர்கள் அதைத் தங்கள் கதையாகவே எடுத்துக்கொண்டார்கள். முன்னால் நின்றவர் ரோசம்மா. நெல்லூரில் சாராய ஏலத்தையே நடத்த முடியாதபடி ஊர் ஊராகப் பெண்கள் மறித்தார்கள். நகரியிலிருந்து வந்த உறவுக்காரர்கள் 'ஈநாடு' பேப்பரைக் கொண்டுவந்து தெலுங்கில் படித்துக் காட்ட, திண்ணை மொத்தமும் மூச்சு விடாமல் கேட்டது.

அன்றைக்குத்தான் மனு எழுதினோம். வாக்கியம் நான் எழுதினேன், விஷயம் அவர்கள் சொன்னது. முதல் கோரிக்கை, பாக்கெட் வரக்கூடாது. இரண்டாவதை நான் எதிர்பார்க்கவில்லை: கூலியில் பாதியை எங்கள் கையில் தர வேண்டும். மூன்றாவதை ஒரு பாட்டி சொன்னார். "குடிக்காதவனும்தான் அடிக்கிறான். அதையும் எழுது." எழுதினேன். பிற்பாடு பெண்ணுரிமை பற்றி எத்தனையோ கருத்தரங்குகளில் உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பாட்டி ஒரே வரியில் பிரித்துக் காட்டிய விஷயத்தை அவ்வளவு தெளிவாக வேறெங்கும் கேட்டதில்லை.

கையெழுத்துப் போடும் நேரம் வந்தது. படிக்குப் பொட்டு வைத்த அக்கா, பழக்க தோஷத்தில் கட்டைவிரலை மைப்பெட்டியில் அழுத்திவிட்டார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினார். நான்கெழுத்துப் பெயர். மூன்றாவது எழுத்தில் கொம்பு போட மறந்து, திரும்பி வந்து போட்டார். அதற்கு ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். யாரும் பேசவில்லை. காகிதத்தில் விடாமல் பேனாவை அழுத்தியதில் அடுத்த பக்கத்திலும் அந்தப் பெயர் பதிந்திருந்தது.

மனுவை ஓர் அலுவலகத்தில் கொடுத்தோம். வாங்கியவர் கையெழுத்துகளைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் நீங்களே போட்டதா?" என்று என்னைக் கேட்டார். அக்கா பேனாவை வாங்கி அவர் கண்ணெதிரே இன்னொரு முறை எழுதினார். மனுவுக்குப் பதில் வரவில்லை.

பதில் வேறு திசையிலிருந்து வந்தது. 1993 அக்டோபரில் ஆந்திரம் முழுக்கச் சாராயம் தடை செய்யப்பட்டது. 1994 டிசம்பரில் மறுபடி முதலமைச்சரான என்.டி.ஆர். முழு மதுவிலக்குக் கோப்பில் கையெழுத்துப் போட்டார். 1995 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. பத்திரிகைகள் அதை 'முதல் கையெழுத்து' என்று எழுதின. பாக்கெட்டைக் கொண்டுவந்தவரும் அவர், முழு மதுவிலக்குப் போட்டவரும் அவர். நடுவில் இருந்தது தூபகுண்டாப் பெண்களின் கையெழுத்து. என் கணக்கில் முதல் கையெழுத்து அவர்களுடையதுதான். பின்னால் தமிழ்நாட்டிலும் பார்த்தோம்: 2016 மே மாதம் பதவியேற்ற அன்றே ஜெயலலிதா 500 கடைகளை மூடக் கையெழுத்திட்டார். அடுத்த ஆண்டு எடப்பாடி பழனிசாமி இன்னொரு 500. 2023 ஜூனில் இன்னொரு 500. ஒவ்வொரு கையெழுத்துக்கும் பின்னால் பல வருஷம் ரோட்டில் உட்கார்ந்த பெண்கள் இருந்தார்கள். கையெழுத்திடுகிற படத்தில் அவர்கள் இல்லை.

ஆந்திரத்து மதுவிலக்கு இரண்டு வருஷம்தான் தாங்கியது. அந்த இரண்டு வருஷமும் எங்கள் பக்கத்துக் கடைகளில் ஆந்திரக் கூட்டம் நின்றது. முன்பு அங்கிருந்து இங்கே பாக்கெட் வந்தது, இப்போது இங்கிருந்து அங்கே பாட்டில் போனது. அந்தப் பக்கத்துப் பெண்கள் ஜெயித்ததை எங்கள் பக்கத்துக் கடை விழுங்கியது. 1997இல் அங்கே தடை நீங்கியது. 2003 நவம்பரில் இங்கே சில்லறை விற்பனையை டாஸ்மாக்கே எடுத்துக்கொண்டது. அதன்பின் கடை என்றாலே அரசாங்கம்தான்.

2017இல் உச்ச நீதிமன்ற உத்தரவால் நெடுஞ்சாலைக் கடைகளை 500 மீட்டர் தள்ளிவைத்தார்கள். தள்ளியவை தெருக்களுக்குள் வந்தன. தமிழகம் முழுக்கப் பெண்கள் கடைவாசலில் உட்கார்ந்தார்கள். திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் அப்படிப் போராடிய பெண்ணைப் போலீஸ் அதிகாரி அறைந்த காட்சியை நாடே டி.வி.யில் பார்த்தது.

மதுவிலக்கு வந்தால் கள்ளச்சாராயம் வரும் என்பார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அப்போது மதுவிலக்கு இல்லை, கடைகள் திறந்துதான் இருந்தன. கடைக்குக் கொடுக்கக் காசு இல்லாத கூலிக்காரர் வேறெதையோ குடித்தார். கடையை ஒரே நாளில் இழுத்து மூடினால் எல்லாம் தீரும் என்று இன்றைக்கு நான் நம்பவில்லை. தன் தெருவில் கடை வேண்டுமா வேண்டாமா என்பதை அந்தத் தெருப் பெண் தீர்மானிக்க வேண்டும் என்று மட்டும் உறுதியாக நம்புகிறேன்.

2023–24இல் டாஸ்மாக்கால் அரசுக்கு வந்தது 45,855 கோடி ரூபாய். அதே 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை, மாதம் ஆயிரம் ரூபாய், ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் வங்கிக் கணக்குக்கு நேராகப் போகிறது. நான் அந்த ஆயிரத்தைக் குறைத்துப் பேச மாட்டேன். எங்கள் மனுவின் இரண்டாவது கோரிக்கை அதுதான்: எங்கள் கையில் கொடுங்கள். முப்பது வருஷம் கழித்து வந்திருக்கிறது. ஆனால் 2024 பிப்ரவரி விலையில் சாதாரண குவார்ட்டர் 140 ரூபாய். வீட்டில் ஒருவர் நாளுக்கு ஒன்று குடித்தால் ஏழு நாளில் ஆயிரம் ஏறக்குறையத் தீர்ந்துவிடும். மிச்ச மூன்று வாரத்துக்கு வீட்டுப் பெண்ணின் கூலியிலிருந்துதான் எடுத்தாக வேண்டும்.

போன வருஷம் அந்தத் தெருவுக்குப் போயிருந்தேன். கைத்தறிகள் போய் விசைத்தறிச் சத்தம் கேட்டது. இலவச பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்த அக்கா ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தார். வயது எழுபதுக்கு மேல். கணவர் போய்ப் பல வருஷம் ஆயிற்று. முறை வந்ததும் கட்டைவிரலைக் கருவியில் வைத்தார். பதியவில்லை. துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். பதியவில்லை. ஐம்பது வருஷம் தார் சுற்றிய விரல். ரேகை தேய்ந்து கண்ணாடிபோல் வழுவழுவென்று இருந்தது.

"கையெழுத்துப் போடறேன் தம்பி."

"கையெழுத்தெல்லாம் மெஷின்ல ஏறாது பாட்டி. மருமகளை அனுப்புங்க."

அந்தப் பையன் மேல் தப்பில்லை. அவன் முன்னால் இருந்த கருவி கேட்டதை அவன் கேட்டான். கட்டைவிரலை விடச்சொல்லி எழுத்தைக் கொடுத்த அரசாங்கமே எழுத்தை ஒதுக்கிவிட்டுக் கட்டைவிரலைக் கேட்கிறது. வரிசையை விட்டு வெளியே வந்த அக்கா என்னை அடையாளம் கண்டுகொண்டு கையைப் பிடித்தார். "மறக்கலை டீச்சர், இப்பவும் கொம்பு போட்டுத்தான் எழுதறேன்" என்றார்.

அவர் கையெழுத்து இன்றும் செல்லுகிற ஓர் இடம் உண்டு. அது கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்தில் ஆறு நாள் கூடுகிறது. ஊராட்சிப் பதவிகளில் பாதி இடம் சட்டப்படி பெண்களுக்கு. ஆனால் பல ஊர்களில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்தை முதலில் வாங்கிக்கொண்டு, தீர்மானத்தை அப்புறம் எழுதுகிறார்கள். இதைப் படிக்கிற பெண்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். அடுத்த கிராம சபைக்குப் போங்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணையும் கூட்டிப் போங்கள். தீர்மானத்தை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். கேட்டு முடித்த பிறகு பேனாவை வாங்குங்கள்.