வளையத்தில் மாட்டிய பெரிய மனிதர்கள்

சனி என்றாலே நமக்கு ஏழரைதான் ஞாபகம் வரும். எள் விளக்கு ஏற்றி, காக்கைக்குச் சோறு வைத்து, பவ்யமாக நடந்துகொள்வோம். இத்தாலியில் கலிலியோவுக்கு அந்தப் பயமெல்லாம் இல்லை. டெலஸ்கோப்பைத் தூக்கி நேராகவே பார்த்தார். சனி பிடித்துக்கொண்டது.

1610-இல் அவருக்குத் தெரிந்தது வளையம் இல்லை. நடுவில் பெரிய உருண்டை, இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு குட்டி உருண்டைகள். வெளியே சொன்னால் எவனாவது சுட்டுவிடுவான். சொல்லாவிட்டால் எவனாவது முந்திவிடுவான். மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? ‘உயரத்துக் கோளை மூன்றாகப் பார்த்தேன்’ என்ற லத்தீன் வாக்கியத்தைக் குலுக்கிப் போட்டு, 37 எழுத்துப் பாஸ்வேர்டாக ஊருக்கு அனுப்பினார்.

வானியலாளர் கெப்ளர் மண்டையை உடைத்துக்கொண்டு அதை அவிழ்த்தார். அவருக்கு வந்த விடை: செவ்வாய்க்கு இரண்டு பிள்ளைகள்! அட, கோளே மாறிவிட்டதே ஐயா! ஆனால் 1877-இல் செவ்வாய்க்கு நிஜமாகவே இரண்டு நிலாக்கள் கிடைத்தன. கேள்வி தப்பு, விடை ரைட்.

1612-இல் குட்டி உருண்டைகள் காணாமல் போயின. அப்பன் பிள்ளைகளை விழுங்கிவிட்டானோ என்று கலிலியோ கலங்கிப்போனார். விஷயம் சிம்பிள். வளையத்தின் குறுக்களவு சுமார் 2.8 லட்சம் கிலோமீட்டர். தடிமன் பல இடங்களில் பத்து மீட்டர்தான். விளிம்பு நம் பக்கம் திரும்பினால் கண்ணுக்கே தெரியாது. 2025 மார்ச்சிலும் அப்படித்தான் ஒளிந்துகொண்டது. ‘அது வளையம்’ என்று 1659-இல் விளக்கினார் வானியலாளர் ஹைகன்ஸ். அதற்கு முன்பு அவரும் எழுத்தைக் குலுக்கித்தான் போட்டிருந்தார். தொற்றுவியாதி போலிருக்கிறது.

பிள்ளைகளே, அது இரும்பு வளையம் இல்லை. பெங்களூரு அவுட்டர் ரிங் ரோடை மேலிருந்து பார்த்தால் ஒரே பட்டை. கிட்டப்போனால் தனித்தனி வண்டிகள். சனி வளையமும் அப்படித்தான்: மணல் அளவிலிருந்து வீடு அளவு வரை ஐஸ் கட்டிகள். வித்தியாசம் ஒன்றுதான். அங்கே எல்லாம் நொடிக்குப் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் நகர்கின்றன.

வளையம் சனிக்கு மட்டும்தான் என்று உலகம் நம்பியிருந்தது, 1977 மார்ச் 10 வரை. அன்றைக்கு யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப் போனது. கோரமங்களாவில் இருக்கும் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் ஜே.சி. பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் ஜவ்வாது மலையில், காவலூரில், ஒரு மீட்டர் டெலஸ்கோப்போடு காத்திருந்தார்கள். கோள் வருவதற்கு முன்பே நட்சத்திரம் சில நொடி மங்கி மீண்டது.

நம்மவர்கள் முடிவுகட்டிவிட்டார்கள்: புது நிலா!

இந்தியப் பெருங்கடலுக்கு மேலே விமானத்தில் டெலஸ்கோப் வைத்துப் பறந்துகொண்டிருந்த ஜேம்ஸ் எலியட் குழுவும் ஐந்து சிமிட்டல்களைப் பார்த்து, முதலில் நிலாக் கூட்டம் என்றுதான் நினைத்தது. ஆனால் கோளுக்கு அந்தப் பக்கமும் அதே தூரங்களில் அதே சிமிட்டல்கள். ஐந்து நிலாக்கள் இப்படி இருபுறமும் அளந்து நிற்குமா?

அந்த ஆண்டு ‘நேச்சர்’ இதழில் இரு தரப்பும் எழுதின. ஒரே இதழ். 328-ஆம் பக்கம் எலியட்: ‘யுரேனஸின் வளையங்கள்’. 331-ஆம் பக்கம் நம்மவர்கள்: ‘யுரேனஸின் புதிய துணைக்கோள்’.