நடுவர் குற்றமா, அட்டவணைக் குற்றமா? பெனிடோர்ம் வழக்கு குறித்து ஓர் ஆய்வு

பாட்டுப் போட்டிக்கு நடுவர் குழு எதற்கு என்று கேட்டால், நல்ல பாட்டைத் தேர்ந்தெடுக்க என்று விடை சொல்வோர் உண்டு. அவர்கள் இத்துறைக்குப் புதியவர்கள். இக்கட்டுரை நிறுவ முற்படும் கொள்கை வேறு: நடுவர் குழு அமைக்கப்படுவது வசை வாங்குவதற்காக, பாட்டைத் தேர்வது அதன் உபதொழில். வசைக்கு உரிய உண்மையான குற்றவாளி பெரும்பாலும் புள்ளி அட்டவணைதான். ஆனால் அட்டவணைக்கு முகமில்லை, ஊர் பேர் இல்லை, ட்விட்டர் கணக்கும் இல்லை. அதைத் திட்டினால் திட்டியவருக்கே திருப்தி வராது. எனவே திட்டுவதற்கு வாகாகச் சிலரை மேடைக்கு எதிரே வரிசையாக உட்கார வைக்கிறார்கள். இதற்கு 2022 ஜனவரி 29 இரவு ஸ்பெயினின் கடற்கரை நகரமான பெனிடோர்மில் நடந்ததைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

அன்று அந்நாட்டு அரசுத் தொலைக்காட்சி, ஐரோப்பிய நாடுகளின் பாட்டுப் போட்டியான யூரோவிஷனுக்கு அனுப்ப வேண்டிய பாட்டை எட்டு பாடல்களிலிருந்து தேர்ந்தது. வாக்கின் எடை முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருந்தது: நடுவருக்குப் பாதி, மக்களுக்குப் பாதி. மக்களின் பாதியில் ஒரு கூறு தொலைபேசி வாக்கு, மறு கூறு மாதிரி எடுத்த பார்வையாளர் குழுவின் வாக்கு. ஸ்பெயினின் வட்டார மொழிகளுள் ஒன்றான காலிசிய மொழியில் பாடிய மூன்று பெண்கள், தான்ஷுகெய்ராஸ் குழுவினர், மக்களின் இரு கூறுகளிலும் முதலிடம் பிடித்தார்கள். தொலைபேசி வாக்கில் மட்டும் 70.75 சதவீதம் அவர்களுக்கு. இரண்டாவதாக வந்த ரிகோபெர்தா பந்தினிக்கு 18.08. மூன்றாவதாக வந்த பாடகி சானெலுக்கு 3.97. மொத்தப் புள்ளி கூட்டியபோது சானெல் 96, பந்தினி 91, தான்ஷுகெய்ராஸ் 90. ஸ்பெயின் கொதித்தது. காலிசியக் கட்சிகளும், அவற்றோடு எதிலும் ஒத்துப்போகாத பாப்புலர் கட்சியும் நாடாளுமன்றம் வழியாக விளக்கம் கேட்டன. நடுவருள் ஒருவர் முன்பு சானெலுடன் வேலை செய்தவர் என்ற புகாரும் சேர்ந்துகொண்டது. வசை தாங்காமல் சானெல் ட்விட்டரை விட்டே போனார்.

இனிக் கணக்குக்கு வருவோம். தொலைபேசி வாக்கில் முதலிடத்துக்கு 30 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 25, மூன்றாமிடத்துக்கு 20. அதாவது அட்டவணை சதவீதத்தைப் பார்ப்பதில்லை, வரிசையை மட்டுமே பார்க்கிறது. யானையும் பூனையும் வரிசையில் நின்றால் ஒன்று, இரண்டு என்று எண்ணிவிட்டுப் போகிற கணக்கு. சானெலின் 3.97 சதவீதத்துக்கு 20 புள்ளி என்றால், அதே விலையில் 70.75 சதவீதத்துக்கு 356 புள்ளி கொடுத்திருக்க வேண்டும். கிடைத்தது 30. வேறுவிதமாகச் சொன்னால், சானெலுக்குப் போன ஓர் அழைப்பு தான்ஷுகெய்ராஸுக்குப் போன ஏறத்தாழ 12 அழைப்புகளுக்குச் சமம். அந்த மூவரும் 99 சதவீதம் வாங்கியிருந்தாலும் 30தான். முதலிடம் உறுதியானபின் காலிசியாவிலிருந்து வந்த அழைப்பெல்லாம் தொலைபேசி நிறுவனத்துக்குச் செய்த தருமம்.

அற்றேல், நடுவர்கள் தான்ஷுகெய்ராஸுக்கு 30 புள்ளியும் சானெலுக்கு 51 புள்ளியும் கொடுத்தது குற்றமாகாதோ எனின், ஓரளவு ஆகும். ஆனால் எடைபோட்டுப் பார்க்க வேண்டும். நடுவரின் விருப்பு சானெலை 21 புள்ளி முன்னே தள்ளியது. மக்களின் பேரன்பு இரு கூறுகளிலும் சேர்ந்து தான்ஷுகெய்ராஸை 15 புள்ளிதான் முன்னே தள்ளியது: மாதிரிக் குழுவில் 5, தொலைபேசியில் 10. மிச்சம் 6, மொத்தத்தில் சானெல் தான்ஷுகெய்ராஸை முந்திய அளவும் அதுவே. தாளில் இரு தரப்புக்கும் சரிபாதி. ஆனால் ஒரு வாக்கின் உண்மையான எடை அதற்கு ஒதுக்கிய பங்கில் இல்லை. அது புள்ளிகளை எவ்வளவு அகலமாகச் சிதற விடுகிறது என்பதில் இருக்கிறது. நடுவர் பக்கம் கதவு விரியத் திறந்திருந்தது, மக்கள் பக்கம் ஒருக்களித்திருந்தது. இதை முதலிலேயே சொல்லியிருந்தால் ரகளை இல்லை. ரகளை இல்லையென்றால் நிகழ்ச்சிக்கு அவ்வளவு பேரும் இல்லை.

வரிசைமுறைக்கும் ஒரு நியாயம் உண்டு என்பர். காசு கொடுத்து ஒருவரே பலமுறை அழைக்கலாம். ஒரு வட்டாரமே திரண்டு வாக்கைக் குவிக்கலாம். அதற்கு அணை வேண்டும். அஃதொக்கும். ஆனால் அந்த அணையைக் கட்டியவர்களை விட்டுவிட்டு, அதன் கீழே உட்கார்ந்திருந்தவர்களை அடிப்பது என்ன முறை? கோபம் இவ்வளவு எரிந்ததற்கு மொழியும் காரணம். ஸ்பெயின் யூரோவிஷனுக்குக் காலிசிய மொழிப் பாட்டை அனுப்பியதே இல்லை. 1968இல் கத்தலான் மொழியில் பாட விரும்பிய பாடகர் செர்ராத்தை நீக்கிப் பாடகி மாசியேலை அனுப்பிய வரலாறும் அந்நாட்டுக்கு உண்டு. அந்தப் பழைய கணக்கையெல்லாம் பாவம் ஒரு பெருக்கல் வாய்ப்பாட்டின் மேல் ஏற்ற முடியாது.

எம் கொள்கைக்குச் சங்கடம் தரும் சான்று ஒன்று இத்தாலியில் இருக்கிறது. மறைப்பது ஆய்வுக்கு அழகல்ல. 2019 சான்ரெமோ பாட்டு விழாவில் வரிசைப் புள்ளி இல்லை, நேர் சதவீதமே. தொலைபேசி வாக்கில் பாடகர் உல்திமோ 46.5, பாடகர் மஹ்மூத் 14.1. பத்திரிகையாளரும் சிறப்பு நடுவரும் மஹ்மூதைத் தூக்கிவிட்டு வெற்றிபெறச் செய்ய, அந்நாட்டின் துணைப் பிரதமர்கள் இருவருமே முனகினார்கள். அங்கே அட்டவணை நிரபராதி, நடுவரே செய்தார்கள். இதை இலக்கணத்தார் வழியில் புறனடை என்று கொள்க.

கடைசித் தடை, பலரும் முடிவான சான்றாகக் காட்டுவது: 2022 மே மாதம் டூரினில் நடந்த யூரோவிஷனில் சானெல் 459 புள்ளியோடு மூன்றாமிடம் வந்தார், 1995க்குப் பின் ஸ்பெயின் கண்ட மிகச் சிறந்த இடம். நடுவர் தந்தது 231, ஐரோப்பிய மக்கள் தந்தது 228. திட்டியவர்களே கைதட்டினார்கள். இது சானெல் நன்றாக ஆடிப்பாடினார் என்பதற்குச் சான்று. பெனிடோர்ம் கணக்கு சரி என்பதற்குச் சான்று அன்று. டூரினுக்குப் போகாத பாட்டு அங்கே எத்தனை புள்ளி வாங்கியிருக்கும் என்று கூட்டிச் சொல்ல எந்த அட்டவணையாலும் ஆகாது. ஆகவே இவ்வழக்கில் தீர்ப்பு: புள்ளி அட்டவணை முதல் எதிரி, நடுவர் குழு இரண்டாம் எதிரி, சானெல் விடுதலை செய்யப்படுகிறார்.