நாலு கால் நட்ட கதை

பூவிருந்தவல்லி என்று பெயர் படைத்த ஊருக்குக் கூப்பிடு தூரத்தில், சென்னீர்குப்பத்தில் குடியிருக்கும் ஒரு கிரகஸ்தன், தன் வீட்டுக் கொல்லையில் ஓர் அவரைக்கொடி படரப் பந்தல் வேண்டும் என்று ஆசைப்பட்டால், அதைப் பேராசை என்று யாரும் சொல்லமாட்டார்கள். திருக்கச்சி நம்பிகள் இந்த மண்ணில் நந்தவனம் வைத்து, மலர் பறித்துத் தொடுத்து, காஞ்சி வரதனுக்குச் சுமந்து சென்ற காலந்தொட்டு ஏறக்குறைய ஆயிரம் வருஷமாக, இந்தப் பக்கத்தில் கொடி நட்டவர்கள் எல்லாம் கொம்பும் நட்டுத்தான் இருக்கவேண்டும். என் தாயார் பந்தல் போட்ட விதம் எனக்கு இன்னும் கண்முன் நிற்கிறது. கடப்பாரையும் பத்துச் சவுக்குக் கழிகளுமாக ஓர் ஆள் காலையில் வருவார். பழையது சாப்பிட்டுவிட்டு வேலையைத் தொடங்குவார். உச்சிவெயிலுக்குள் பந்தல் நிற்கும். கூலியோடு வெற்றிலை பாக்கும் வாங்கிக்கொண்டு போய்விடுவார். அவருக்கு எஸ்டிமேட் என்ற சொல் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

என் கஷ்டம் அனைத்துக்கும் மூலகாரணம், பெங்களூரிலிருக்கும் என் மகள் தொலைபேசியில் சொன்ன ஒரு வார்த்தை. "அப்பா, இப்ப யாரும் பந்தல்னு சொல்றதில்லை. அதுக்குப் பேரு பெர்கோலா" என்றாள். இத்தாலிய மொழிச் சொல்லாம். லத்தீனில் சுவரைவிட்டு வெளியே நீண்ட இறவாரத்தைக் குறித்த சொல்லிலிருந்து வந்ததாம். ஆக, நம் தாழ்வாரத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி முறை என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் வஸ்து ஒன்றேயானாலும் நாமகரணம் மாறியவுடன் அதன் விலையும் அதற்கு வருகிற ஆளும் மாறிவிடுகிற ரகசியத்தை நான் அப்போது அறியேன். பந்தலுக்கு ஆள் வருவான். பெர்கோலாவுக்குக் காண்ட்ராக்டர் வருவார்.

வந்தார். டேப் பிடிக்கவில்லை, சிவப்புப் புள்ளி விழுகிற ஒரு சிறு கருவியால் என் கொல்லையை இரண்டு நிமிஷத்தில் அளந்துவிட்டு, மறுநாள் கைபேசியில் ஒரு படம் காட்டினார். அதில் எங்கள் தென்னைமரம் இருந்த இடம் தெரியவில்லை. துவைக்கிற கல் ஊஞ்சலாக உருமாறியிருந்தது. பதினாறு வயதிலிருந்து நாற்பது வயதுக்குள் எதுவாகவும் இருக்கக்கூடிய ஒரு பெண்மணி கோப்பையும் கையுமாக உட்கார்ந்திருக்க, அவள் காலடியில் வெள்ளை நாயொன்று படுத்திருந்தது.

"இந்த நாய் யாருடையது?" என்று கேட்டேன்.

"அது சும்மா ஒரு ஃபீலுக்கு, சார்."

"அவரைக்கொடி எங்கே?"

அவர் என்னைச் சற்றே பரிதாபத்துடன் பார்த்தார். "செடி கொடி எல்லாம் ஏத்தக்கூடாது சார், பெயிண்ட் போயிடும். வேணும்னா பிளாஸ்டிக் கொடி சுத்திடலாம். தண்ணி ஊத்துற வேலையே இல்லை பாருங்க."

நான் விடவில்லை. 1965 முதல் விஜயந்தா டாங்கிகளை வெளியனுப்பிய ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையின் வரைபடப் பிரிவில் முப்பத்து நாலு வருஷம் உத்தியோகம் பார்த்தவன் நான். டன் கணக்கில் எடையுள்ள யுத்த டாங்கியில் ஒரு மயிரிழை பிசகினால் அதைத் திருப்பியனுப்பிய கை இது. நாலு கால் நட்டுக் குறுக்குச் சட்டம் போடும் விஷயத்தில் ஏமாந்துவிடுவேனா என்ற கர்வம் உள்ளூர இருந்தது. மரத்தில் செய்தால் என்ன, வால்டாக்ஸ் ரோடு மரக்கடைக்கு நானே வருகிறேன் என்றேன். அவர் சிரித்தார். "மரமா? பக்கத்துலயே கரையான்சாவடி இருக்கு, சார்!" ஊர்ப்பெயருக்கு ஆராய்ச்சிக்காரர்கள் வேறு காரணம் வைத்திருக்கக்கூடும்; ஆனால் அந்த வாதத்துக்கு என்னிடம் மறுமொழி இல்லை. எனவே இரும்புக் குழாய், அதன்மேல் மரம்போலத் தோற்றமளிக்கும் வர்ணம் என்று முடிவாயிற்று. 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் எங்கள் தெருவில் செய்ததை நினைவுபடுத்தி, அப்படி ஒரு காற்றுக்கு நிற்குமா என்று வினவினேன். "வர்தாவே வந்தாலும் நிக்கும் சார். மேல போடுற ஷீட்டுக்கு மட்டும் கேரண்டி இல்லை." ஷீட் போடாவிட்டால்? வெயிலும் வரும், மழையும் வரும். பின் இது எதற்கு? "லுக், சார்."

எஸ்டிமேட் ரூபாய் 1,86,000. அதில் 'இதர செலவு' என்ற ஒரு வரிக்கு மட்டும் 12,000. அந்தத் தொகைக்கு என் தாயார் காலத்து ஆள் ஆயுள் முழுவதும் பந்தல் போட்டிருப்பார். அட்வான்ஸாக 25,000 கொடுத்தேன்.

இதற்குப் பிறகுதான் என் தர்மபத்தினி பஞ்சாங்கத்துடன் பிரவேசித்தாள். காண்ட்ராக்டர் சொன்ன ஒன்பதடி அகலம் மனையடி சாஸ்திரப்படி உதவாது என்றும் பத்தடியானால் ஆடுமாடு பெருகும் என்றும் தீர்ப்பாயிற்று; பெருகும் மாடுகளை இந்தக் கொல்லையில் எங்கே கட்டுவது என்று நான் கேட்ட கேள்வி பரிகாசமாகக் கருதித் தள்ளப்பட்டது. காலத்தைப் பற்றிய பிரச்சினை அதைவிடக் கடினமானது. அவரைக்கு உகந்தது ஆடிப்பட்டம். ஆடியில் விதைத்தால்தான் மார்கழியில் காய்க்கும். கட்டட வேலைக்கோ ஆடி ஆகாது. ஆக, கொடிக்கு நல்ல மாதம் கொம்புக்குக் கெட்ட மாதம்! ஆடிப்பெருக்கன்று விதையை ஊன்றிவிட்டு, கால் நடுவதை ஆவணி 6ஆம் தேதி வாஸ்து நாளுக்கு ஒத்திவைத்தோம்.

வாஸ்து புருஷனுடைய தினசரியை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. அவர் வருஷத்தில் எட்டே நாள்தான் விழிக்கிறார். விழிக்கிற நாளிலும் மூன்றேமுக்கால் நாழிகை, அதாவது ஒன்றரை மணி நேரந்தான். அதற்குள் பல் துலக்கி, நீராடி, பூஜை முடித்து, உண்டு, தாம்பூலம் தரித்து மீண்டும் படுத்துவிடுகிறார். கணக்குப் பார்த்தால் ஆண்டு முழுவதற்கும் பன்னிரண்டு மணி நேரம். இவ்வளவு சொற்ப விழிப்பை வைத்துக்கொண்டு ஒருவர் எப்படி உலகத்துக் கட்டடங்களையெல்லாம் கவனித்துக்கொள்கிறார் என்று நான் வெகுநாள் வியந்ததுண்டு. காண்ட்ராக்டருடன் பழகியபின் அந்த வியப்பு நீங்கிற்று. வாஸ்து புருஷன் விழிக்கும் நேரமாவது காலண்டரில் அச்சாகிறது.

ஆவணி ஆறாம் தேதி, தாம்பூல வேளையில், காண்ட்ராக்டர் தவறாமல் வந்தார். இரண்டு வடநாட்டுப் பிள்ளைகள் நான்கு குழி வெட்டினார்கள். மஞ்சள் குங்குமம் வைத்து, பூசணிக்காய் சுற்றி உடைத்து, சூடம் கொளுத்தினோம். வேலைக்கென்று கொண்டுவந்த பன்னிரண்டு படி மூங்கில் ஏணியை மதில்மேல் சாய்த்துவிட்டு, "நாளைக்கு மெட்டீரியல் வந்துடும் சார்" என்று சொல்லி எல்லாரும் புறப்பட்டுப் போனார்கள்.

அந்த 'நாளை' எந்த மாதத்தில் வரும் நாளை என்பது சொல்லப்படவில்லை. புரட்டாசியில் வெல்டருக்குக் காய்ச்சல். ஐப்பசியில், தீபாவளி கழிந்து ஆறாம் நாள் வருகிற சத் பூஜைக்குப் பிள்ளைகள் பீகாருக்குப் போய்விட்டார்கள். போனவர்களுக்கு ரயிலில் திரும்ப டிக்கெட் கிடைக்கவில்லை. நான் சாயங்காலம் உலாவப் போகும்போதெல்லாம் மெட்ரோவின் தூண்களை அண்ணாந்து பார்த்துப் பெருமூச்சு விடுவேன். 2025 மார்ச்சிலேயே பூந்தமல்லிக்கும் முல்லைத்தோட்டத்துக்கும் இடையே அவற்றின்மேல் சோதனை ரயில் ஓடிவிட்டது. ரயில் ஓடும் தூண்கள் நின்றுவிட்டன. அவரை ஏறும் கால்கள் நிற்கவில்லை. ஐப்பசி மழையில் நான்கு குழிகளும் நிரம்பி, செம்மண் கரைந்து சிவந்து கிடந்தன. எங்கள் ஊர்ப்பெயரின் தாத்பரியம் எனக்கு அன்றுதான் விளங்கியது. ஒவ்வொரு குழிக்கும் ஒரு தவளைக் குடும்பம் கிரகப்பிரவேசம் செய்திருந்தது. அவை எந்த அடிக்கணக்கும் பார்த்ததாகத் தெரியவில்லை.

கொடியோ எவருடைய 'நாளை'யையும் நம்பியிருக்கவில்லை. இரண்டு முழம் வளர்ந்து, நுனியை ஆட்டி ஆட்டிக் காற்றில் துழாவி, ஒருநாள் காலையில் நான் பார்க்கும்போது மூங்கில் ஏணியின் முதற்படியை வளைத்துப் பிடித்திருந்தது. பத்து நாளில் ஐந்தாம் படி. கார்த்திகையில் உச்சிப்படியைத் தாண்டி மதில்மேல் கவிந்து, ஊதாப் பூவும் வெள்ளைப் பிஞ்சுமாகக் கொத்துக் கொத்தாக இறங்கிற்று. பறம்பு மலைப் பாரி முல்லைக்குத் தேர் கொடுத்தான் என்கிறார்கள். அவன் தெரிந்து கொடுத்தான். நம் காண்ட்ராக்டர் தெரியாமல் கொடுத்தார். கொடிக்கு அந்த வித்தியாசம் புலப்பட்டதாகத் தெரியவில்லை.

மார்கழி பிறந்ததும், ஆச்சரியப்படத்தக்க விதமாக, அவரே கூப்பிட்டார். "சார், அந்த ஏணியை மட்டும் பையன்கிட்ட குடுத்து விடுங்க. வளசரவாக்கத்துல ஒரு பெர்கோலா, அர்ஜெண்ட்."

"நாளைக்குத் தருகிறேன்" என்றேன். அதைச் சொல்லும்போது உண்டான சுகத்தை என்னால் மறைக்க இயலவில்லை.

நான்கு 'நாளை'களுக்குப் பிறகு அவரே நேரில் வந்துவிட்டார். ஏணியின் கீழே போய் நின்று, படிதோறும் தொங்கும் காய்களைக் கையால் விலக்கிப் பார்த்தார். தண்டு பெருவிரல் பருமனில் மூங்கிலைச் சுற்றி முறுக்கிக் கிடந்தது. அதை அறுக்காமல் ஏணியை எடுக்க வழியில்லை என்பது அவருக்கே தெரிந்தது. அட்வான்ஸ் விஷயத்தை மெல்லப் பிரஸ்தாபித்தேன். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. நாலடி பின்வாங்கி, தலையைச் சாய்த்துப் பார்த்து, "இந்த லுக் நல்லா இருக்கே, சார்!" என்று சொல்லிக் கைபேசியை எடுத்து, குழிகள் விழாத கோணமாகப் பார்த்து நான்கைந்து படம் பிடித்துக்கொண்டார்.

"எதற்கு?" என்றேன்.

"அடுத்த பார்ட்டிக்குக் காட்டணும் சார்."

என் மனைவி கொடுத்த அரைக்கிலோ அவரைக்காயை வண்டியில் மாட்டிக்கொண்டு போய்விட்டார். அந்தப் படத்தில் ஒரு வெள்ளை நாயையும் சேர்த்துக்கொண்டிருப்பார்.